வார்த்தைகளுக்குச் சம்பந்தி

“…ஜெர்மன்காரன் விட்வென்றான், லத்தீன்ல விதுவா, ருஷ்யாவுல வ்தோவா, இங்கிலீஷ்காரன் விடோன்றான். நமக்கு சமஸ்கிருதத்துலேர்ந்து விதவைன்னு வந்துச்சி. அத்தினியும் ஒரே வூட்டு ஆளுங்க.”

இதை அவர் சொன்ன இடம் பெண் பார்க்கப் போன வீடு. கையில் கேசரித் தட்டு. எதிரே தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அவரேதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவருடைய தொடையைப் பிடித்துக் கிள்ளுவதற்குள் மனிதர் ருஷ்யா வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஆளைத் தெரியாமல் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். அவரைத் தெரிந்த எனக்கே வந்தது. அதனால் முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். திருவள்ளூரில் என் கடைக்கு மேல் மாடியில்தான் அவர் குடியிருந்தார். பகலில் பள்ளிக்கூடத்தில் இந்தி பண்டிட், சாயங்காலம் மாடியில் இந்தி டியூஷன். அந்த டியூஷன் போர்டும் நான் எழுதியதுதான். அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்பு சூடாக இருந்தபோது, கல்லூரிப் பிள்ளைகள் சிலர் தார் டப்பாவும் ஏணியுமாக வந்து அந்த போர்டுக்குக் கீழே நின்றார்கள். நான் ஷட்டரை இழுத்துவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். சண்டை போடப்போகிறார் என்று நினைத்தேன். ஏணி ஆடுவதைப் பார்த்ததும் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்துக்கொண்டு சும்மா நிற்கக் கூடாதா? அவரால் முடியாது. “தம்பி, கையில தார் வெச்சினுகிறியே, அது யாரு தெரியுமா? தேவதாருன்னு ஒரு மரம் இருக்குதில்ல, அந்த தாருவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. இங்கிலீஷ்ல மரத்த ட்ரீன்றான் பாரு, அதுவும் இவங்க வூடுதான். முதல் முதல்ல மரத்துலேர்ந்து வடிச்சி எடுத்ததுதான் தாரு.”

ஏணியில் இருந்தவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், ஏணி குலுங்கியது. டப்பா சாய்ந்து தார் முழுக்க இவர் தோளிலிருந்து வேட்டி வரைக்கும் வழிந்தது. அப்புறம் அந்தப் பிள்ளைகளே எதிர்க்கடையில் மண்ணெண்ணெய் வாங்கி வந்து துடைத்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் யோசனையாக, அப்படியென்றால் இந்தியும் இங்கிலீஷும் சொந்தமா என்று கேட்டான். பெரியப்பன் பிள்ளையும் சித்தப்பன் பிள்ளையும் என்றார் இவர். அப்போ இங்கிலீஷ் போர்டையும் அழிக்கணுமா சார் என்றான் இன்னொருவன். இவர் என் ஷட்டர் பக்கம் கையைக் காட்டி, “அழிங்க, பெயிண்டருக்கு வேலை வேணும்” என்றார். இடுக்கு வழியாக நான் பார்ப்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

சில வருஷத்தில் பள்ளிக்கூடங்களிலிருந்து இந்தி போயிற்று. கூடவே இவர் வேலையும் போயிற்று. ஆறுதல் சொல்லலாம் என்று மாடி ஏறினேன். மனிதர் தரையில் மல்லாந்து படுத்து, நெஞ்சின் மேல் ஒரு தலையணை கனமுள்ள பழைய இங்கிலீஷ் அகராதியை வைத்துக்கொண்டு, மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வருத்தமில்லையா சார் என்று கேட்டேன். “இந்திக்கு இன்னா பெயிண்டரே வருத்தம்? ஈரான்லேர்ந்து இங்கிலாந்து வரைக்கும் அதுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. எங்கனா போய் ஒரு வேளை சாப்ட்டுக்கும். எனக்குத்தான் ஒரு வேலை பாக்கணும்.”

கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயலுக்கு நடுவில் தகரக் கொட்டகைகள் முளைக்க ஆரம்பித்திருந்த காலம் அது. இரும்பு வார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில், தொழிலாளிகள் வரும் நேரமும் போகும் நேரமும் குறிக்கிற வேலை கிடைத்தது அவருக்கு. வடக்கேயிருந்து வந்த மேஸ்திரிகளோடு பேச ஆள் வேண்டியிருந்ததால் அந்த இந்தி கடைசியில் சோறு போட்டது. அங்கே போன கையோடு என்னையும் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு பெயர்ப்பலகை, ஒவ்வொரு கரண்டு பெட்டிக்கும் ஒரு மண்டையோடு. எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

அந்த ஊரில்தான் அவருக்குச் சம்பந்தி சார் என்ற பெயர் வந்தது. எந்த வார்த்தையைச் சொன்னாலும் அதற்கு எங்கேயாவது ஒரு சம்பந்தி வீடு பிடித்துவிடுவாரே, அதனால். அவர் வைத்திருந்த கணக்கு ரொம்பச் சுலபம், எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். “முகஜாடையப் பாக்காத பெயிண்டரே, பழக்கத்தப் பாரு. அந்த வூட்டுல ‘ப’ன்னு ஆரம்பிச்சா இந்த வூட்டுல ‘ஃப’ன்னு ஆரம்பிப்பாங்க. பிதான்னா ஃபாதர். பாதம்னா ஃபுட். பஞ்ச பூதத்துல வர்ற பஞ்சன்னா ஃபைவ். பூரணம்னா ஃபுல். ஒரு தபா நடந்தா தற்செயலு. தலைமுறை தலைமுறையா அதையே செஞ்சினு இருந்தா அது வம்சம்.” இதைக் கேட்ட நாளிலிருந்து, போர்டில் எஃப் எழுத்தை எழுதும்போதெல்லாம் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி எனக்கு ஒரு குஷி.

அதே கணக்கினால் அவருக்கு விரோதமும் வந்தது. டீக்கடையில் யாராவது ஆசையாக ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். நாம் ஒண்ணு என்கிறோம், அவன் ஒன் என்கிறான், அப்போ இங்கிலீஷும் தமிழிலிருந்து வந்ததுதானே சார் என்பார்கள். டீ வாங்கிக் கொடுத்தும் பார்த்தார்கள். மனிதர் மசியவில்லை. “பஸ்ஸுல ஒருத்தன் உன்ன மாதிரியே இருந்தான்னா அவன் உனக்கு மச்சானா? எறங்கிப் போவச் சொல்லு அவன.”

எங்கள் வார்ப்படக் கொட்டகை ஃபோர்மேனுக்கு இதில் ரோஷம் வந்துவிட்டது. அப்போ தமிழுக்கு நாதியே இல்லையா என்று பெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்தார். சம்பந்தி சார் அவரை உட்காரவைத்து, கையிலிருந்த பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். தமிழ் தனி வீடு என்றார். தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் நம் வீட்டு ஜனம், எண்ணிக்கை குறைச்சல் என்று யார் சொன்னது என்றார். “அவங்க எதிர் வூடு, அவ்ளோதான். எதிர் வூட்டுக்கு நாம கட்டுமரம் குடுத்திருக்கோம், சுருட்டு குடுத்திருக்கோம், இஞ்சி குடுத்திருக்கோம். இன்னி வரைக்கும் திருப்பிக் கேட்டிருக்கோமா? அப்படிப்பட்ட குடும்பம் நம்முளுது.” ஃபோர்மேன் பன்னைத் தின்றுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போனார். மறுநாள் இஞ்சி டீதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

லாரி டிரைவர் ஒருவரிடம், சாவி போடுகிற இடத்தை இக்னிஷன் என்கிறாயே, அது அக்னியின் தாயாதி என்று சொல்லிவைத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த டிரைவர் தினமும் காலையில் சாவித் துவாரத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். டீசல் வண்டிக்குப் பக்கத்தில் கற்பூரம் வேண்டாமய்யா என்று முதலாளி கெஞ்ச வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போய்விடுவார். அங்கே டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள் இருக்கின்றன. என்னைத் துணைக்கு இழுத்துப் போனது, பாசி பிடித்த எழுத்தைப் படித்துச் சொல்ல. எழுத்துக்காரன் இல்லையா நான்? முட்டி போட்டு ஒரு கல்லைத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். டி, ஓ, சி, எச், டி, ஈ, ஆர். மனிதர் கல்லறை மேலேயே கை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தோக்தர், தோக்தர், மகள், மகள் என்று கல்லைத் தட்டிக்கொடுத்தார். சமஸ்கிருதத்தில் துஹிதா, பாரசீகத்தில் துக்தர், இங்கிலீஷில் டாட்டர், இதோ டச்சுக்காரன் வீட்டுப் பெண் நம்ம ஊர் மண்ணில் படுத்திருக்கிறாள் என்று சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர். இறால் கூடையோடு போன ஒரு அம்மாள் நின்றுவிட்டார். “செத்தவங்ககிட்ட இன்னாயா சிரிப்பு?” என்று ஒரு அதட்டு. இவர் பணிவாக எழுந்து, “பேர் தெரியாம இத்தினி நாளா படுத்துகினு இருந்தாங்கம்மா. யார் வூட்டுப் பொண்ணுன்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சிது” என்றார். அந்த அம்மாள் கூடையை இறக்கிவைத்துக் கல்லைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கென்று இருந்தது ஒரு அக்கா. தாய் தகப்பன் இல்லாமல் தம்பியை வளர்த்த அக்கா. தம்பிக்குக் கல்யாணம் நடந்தால் பெரியபாளையத்து அம்மன் கோயிலில் வேப்பிலைச் சேலை கட்டிச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அம்மனும் எத்தனை நாள்தான் காத்திருப்பாள்?

முதலில் திருவாலங்காட்டில் ஒரு இடம். எல்லாம் ஒத்துவந்தது. பஜ்ஜி வந்தது. பெண்ணின் அப்பா பேச்சுக்குப் பழவேற்காட்டைப் பற்றிக் கேட்டார். போதாதா? டச்சுக்காரன் நமக்கு விட்டுப்போன சொத்து என்று ஆரம்பித்து, பஜ்ஜி மென்றபடியே கக்கூஸுக்கு வந்துவிட்டார். பின்பாதி ஹவுஸ், அதாவது வீடு, முன்பாதி என்னவென்று உங்களுக்கே தெரியும் என்றார். பெண்ணின் அப்பா வாயில் வைத்த பஜ்ஜியை விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை.

அடுத்தது ஊத்துக்கோட்டை. பெண்ணுக்குத் தாரா என்று பேர். பேரைக் கேட்டதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. தாராவும் ஸ்டாரும் ஒன்றுதான் என்று பெண்ணிடமே நேராகச் சொன்னார். பெண்ணின் தகப்பனார் எழுந்து, “எங்க பொண்ணு சினிமாவுக்கெல்லாம் போறதில்லீங்க” என்று சொல்லிச் செருப்பு இருக்கும் திசையைக் காட்டினார்.

மூன்றாவது இடம் அக்காவே பார்த்தது. வேண்டுதலுக்கு விசாரிக்கப் பெரியபாளையம் போனவர், வேப்பிலையை நெருக்கமாகக் கட்டிச் சேலை மாதிரி தொடுத்துத் தருகிற ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார். அந்த வீட்டில் முப்பது வயதில் ஒரு பெண், தையல் பள்ளியில் வேலை. அப்பா இறந்துவிட்டார். தாய்மாமன் ஆதரவு. அக்கா என் கடைக்கு வந்து, நான் மண்டையோட்டுக்குப் பல் வரைந்துகொண்டிருக்கும்போது, முறையிட்டார். தம்பியிடமும் என் எதிரிலேயே கண்டிப்பாகச் சொன்னார்.

“வாயத் தொறக்காத. துன்னு, சிரி, எழுந்து வா. இந்த எடமும் போச்சின்னா நான் இனிமே யாரூட்டுப் படியும் ஏற மாட்டேன். நீ அந்த டிக்சனரிக்கே தாலி கட்டிக்கோ.”

தம்பி கையெடுத்துக் கும்பிட்டு, சத்தியமாக வாய் திறக்க மாட்டேன் என்றார். அவர் எதையாவது ஆரம்பித்தால் தொடையில் கிள்ள வேண்டியது என் பொறுப்பு.

அன்று அவர் இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸில் எதிர்சீட்டுக்காரர் மூக்கைச் சிந்தினார். நாசி, நோஸ் என்று உள்ளே பொங்குவது எனக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். பெண் வீட்டில் காபி வந்தது, முழுங்கினார். பெண் வந்து உட்கார்ந்து, கும்மிடிப்பூண்டியில் என்ன வேலை என்று தானாகவே கேட்டாள். டைம் ஆபீஸ் என்று இரண்டே வார்த்தையில் முடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்ணும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அக்கா சந்தோஷத்தில் எனக்கு இன்னொரு பஜ்ஜி வைத்தார்.

அந்த பஜ்ஜித் தட்டு, கேசரித் தட்டு, தண்ணீர்ச் சொம்பு எல்லாம் வந்தது ஒரு கதவு வழியாக. சமையலறைக் கதவில் ஒரு பாதி சாத்தியிருந்தது. திறந்திருந்த பாதியில் ஒரு கை வரும், தட்டை நீட்டும், தாய்மாமன் வாங்கிக்கொள்வார், கை உள்ளே போய்விடும். வளையல் இல்லாத கை. விரல் நுனியெல்லாம் வேப்பிலைப் பச்சை. சம்பந்தி சார் கேசரியைப் பார்க்காமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாய்மாமனுக்குப் பிடித்துப்போயிற்று. நாள் நன்றாக இருக்கிறது, கையோடு தட்டை மாற்றிக்கொள்வோம் என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாம்பாளத்தை நகர்த்திவைத்தார். பெண் வீட்டுப் பக்கம் அதை வாங்கிக்கொள்ள, தாய்மாமன் அடுத்த வீட்டு அம்மாளைக் கூப்பிட்டார். அந்த அம்மாளும் குங்குமம் பளிச்சென்று இட்டுக்கொண்டு, தயாராக வந்து கையை நீட்டினார். அந்த நேரத்தில்தான் சம்பந்தி சார் வாய் திறந்தார். பெண்ணோட அம்மா வாங்க மாட்டாங்களா என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

தாய்மாமன் தொண்டையைச் செருமினார். “அவங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லீங்களே. நல்ல காரியத்துல முன்னால வரக் கூடாதில்ல. நாம ஆவறதப் பாப்போம்.”

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். திறந்திருந்த பாதிக் கதவில் நிழல் ஒன்று பின்வாங்கியது. நான் கிள்ளுவதற்குக் கையை எடுத்தேன். மனிதர் ஜெர்மனியில் ஆரம்பித்துவிட்டார்.

முதலில் உங்களுக்குச் சொன்னேனே, அந்தப் பேச்சு. அதே மலர்ச்சி, அதே அவசரம், பழவேற்காட்டுக் கல்லைத் தட்டிக்கொடுத்தபோது இருந்த அதே முகம். தெரியாமல் வாயில் வந்துவிட்டதா, தெரிந்தேதான் சொன்னாரா, எனக்கு இன்று வரைக்கும் பிடிபடவில்லை. தாய்மாமன் முகம் கறுத்தது. அடுத்த வீட்டு அம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அக்கா நெற்றியில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கி, அடிக்கவும் தெம்பில்லாமல் மடியில் போட்டுக்கொண்டார். நான் கிள்ளிய கிள்ளில் ரத்தம் கட்டியிருக்கும். அவர் நிறுத்தவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. இப்போது அவர் எங்களோடு பேசவில்லை, கதவோடு பேசினார்.

“அந்தப் பாஷைக்காரங்கெல்லாம் ஒரு வூட்டுலேர்ந்து பிரிஞ்சி ஆயிரக்கணக்கான வருசம் ஆயிப்போச்சி. புருசனுக்கு இருந்த பேரு ஊருக்கு ஊர் மாறிப்போச்சி, ஒருத்தன் சொல்றது இன்னொருத்தனுக்குப் புரியாது. இவங்க பேரு மட்டும் எந்த வூட்டுலயும் தொலையல. எந்த நாட்டுக்கு வேணாப் போங்க, உள்ளதான் இருக்காங்க, நாமதான் கதவ சாத்தி வெச்சிருக்கோம்.”

தாய்மாமன் எழுந்துவிட்டார். வெளியே போகச் சொல்லத்தான் எழுந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் செருப்பு எங்கே என்று பார்க்க ஆரம்பித்தேன்.

சம்பந்தி சாரும் எழுந்தார். கேசரித் தட்டைக் கீழே வைத்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்தார். பூவும் பழமும் சரியாமல் மெல்ல நடந்து அந்தக் கதவண்டை போனார். நிலைப்படியைத் தாண்டவில்லை. அந்தக் கை வந்து வந்து போன உயரத்துக்குத் தாம்பாளத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண் எழுந்து போய்ச் சாத்தியிருந்த இன்னொரு பாதியையும் திறந்துவிட்டாள்.

தாம்பாளம் கனமானது. உள்ளே இருந்து பச்சைக் கறை படிந்த அந்த இரண்டு கையும் வெளியே வருகிற வரைக்கும், சம்பந்தி சார் ஒரு வார்த்தை பேசாமல் நின்றுகொண்டிருந்தார்.